‘உனக்கு என்ன குறை?’: மனச்சோர்வு பற்றிக் கேள்வி பதில்

நான் மருத்துவர் இல்லை. மனநல சமூகப் பணியாளர். ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாத்திரை எழுதித் தருவது மருத்துவர். சீட்டோடு வெளியே வந்து, “இனி வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பவர்களை உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. போதாததற்கு என் தம்பியே ஒன்பது மாதம் மனச்சோர்வில் கிடந்தான். கீழே சொல்வதில் பாதி படித்தது, பாதி அந்த ஒன்பது மாதத்தில் தவறு செய்து தெரிந்துகொண்டது.

ஒரு சொல் விளக்கம். பத்திரிகைகளில் எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். வேலை நெருக்கடி தீர்ந்தால் தீர்ந்துவிடுவது மன அழுத்தம். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பொழுது மனம் கனத்து, பிடித்ததும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடப்பது மனச்சோர்வு. கேள்விகள் அதைப் பற்றியவை.

மகனுக்கு 24 வயது. பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து நான்கு மாதமாகிறது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே இருக்கிறான். குளித்து நான்கு நாளாகிறது. மருத்துவர் மனச்சோர்வு என்றார். என் கணவரோ, “சோம்பேறித்தனம், நன்றாகத் திட்டினால் எழுந்துவிடுவான்” என்கிறார். நானும் புத்தி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். (திண்டுக்கல்லிலிருந்து ஒரு தாய்)

அம்மா, புத்தி சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் அவன் தனக்குத்தானே நூறு முறை சொல்லிக்கொண்டுதான் படுத்திருக்கிறான், உங்களைவிடக் கடுமையான வார்த்தைகளில். என் தம்பியிடம் முதல் மாதம், “உனக்கு என்ன குறை? வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது” என்று கேட்டேன். இதே வேலையில் இருக்கும் நான்தான் கேட்டேன்! “அதுதான் அக்கா, எனக்கும் தெரியவில்லை” என்றான். குறையே இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்ற குற்ற உணர்வையும் அவன் தலையில் ஏற்றிவைத்தேன்.

குளியலுக்கு வருகிறேன். ‘போய்க் குளி’ என்பது நமக்கு ஒரே வேலை. அவனுக்கு அது எழுந்து உட்காருவது, துண்டைத் தேடுவது, தண்ணீர் சுட வைப்பது, மாற்றுத்துணி எடுப்பது என்று ஏழெட்டு வேலை. முதல் வேலையிலேயே தெம்பு தீர்ந்துவிடும். எங்கள் அம்மா எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். வெந்நீரை விளாவி வாளியைக் குளியலறையில் வைப்பார். துண்டைத் தம்பியின் கால்மாட்டில் போடுவார். “தண்ணீர் ஆறிவிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பல நாள் ஆறியே போயிற்று. அந்தத் தண்ணீரில் துணி அலசிவிடுவார், முகம் சுளிக்க மாட்டார். மறுநாளும் வாளி வைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குளிப்பான்.

மனம் சரியானால் எழுந்துவிடுவான் என்று நாம் காத்திருக்கிறோம். இந்த நோயில் மாடு வண்டிக்குப் பின்னால் நிற்கிறது. எழுந்து ஏதாவது செய்தால்தான், செய்யச் செய்யத்தான், மனம் மெல்லப் பின்னால் வரும். செயலைக் கொண்டு மனத்தை எழுப்பும் இந்த வழி உளவியல் சிகிச்சையில் ஒரு தனி முறையாகவே இருக்கிறது. ஆனால் அளவு சின்னதாக இருக்க வேண்டும். ‘ஒரு மணி நேரம் நட’ வேண்டாம். தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கி வருவது போதும். அதையும் நீங்கள் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று வேலைகளைச் சொல்லி அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பலருக்குக் காலையில் கனம் அதிகமாக இருக்கும், மாலையில் கொஞ்சம் இளகும். வேலை, பணம், எதிர்காலம் பற்றிய பேச்சை விடிந்ததும் எடுக்காதீர்கள்.

உங்கள் கணவரை அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போங்கள். சில அப்பாக்களுக்கு வெள்ளைக் கோட்டு சொன்னால்தான் காதில் ஏறும். பிறகு அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள்: மாலையில் மகனோடு பத்து நிமிட நடை, வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

மனைவி பத்து நாளாக எசிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறாள். வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறாள், முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. ‘இந்த மாத்திரையெல்லாம் பழகிவிடும், வாழ்நாள் முழுக்க விட முடியாது’ என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா? (திருச்சியிலிருந்து ஒரு கணவர்)

வேண்டாம். பத்தாவது நாள் இந்த மாத்திரைக்கு மிகவும் சங்கடமான கட்டம். தொந்தரவு முதல் நாளே வந்துவிடும், பலன் பிந்தி வரும். வயிற்றுப் பிரட்டல் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் கொஞ்சம் தணியும். பலன் 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டும். முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். பலருக்குத் தூக்கமும் பசியும் முதலில் சீராகும், மனம் கடைசியில்தான் தெளியும். நீங்கள் முகத்தில் சிரிப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரவு எத்தனை முறை எழுந்தாள் என்று பாருங்கள், முன்னேற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.

பக்கத்து வீட்டார் இரண்டு மாத்திரைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். தொடக்கத்தில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் குளோனாசெபாம் போன்ற ஒன்றைச் சில நாளைக்கு மட்டும் சேர்த்து எழுதுவது உண்டு. பழகிப்போகக்கூடியது அது; மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் நீங்களாக நீட்டிக்கக் கூடாது. எசிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை மதுவைப் போல ஏக்கம் உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். அதனால்தான் படிப்படியாகக் குறைப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கை. முதல் சில வாரங்களில் இருப்புக்கொள்ளாத பரபரப்பு வந்தாலோ, சாவைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ, அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அடுத்தது, தாம்பத்திய நாட்டம் குறையலாம். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைச் சரிசெய்யவோ வழி இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அவள் கோபப்படும்போதெல்லாம் “இன்றைக்கு மாத்திரை போடவில்லையா?” என்று கேட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு வந்தவளுக்கும் நியாயமான கோபம் வரும்.

விடுதியில் என் அறைத்தோழி ஒரு மாதமாகச் சரியாக இல்லை. நேற்று, ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். (கோவைக் கல்லூரி மாணவி, 19 வயது)

அந்தச் சத்தியத்தை இப்போதே உடைத்துவிடம்மா. மற்ற கேள்விகளை விட்டுவிட்டு உனக்குத்தான் முதலில் பதில் அனுப்பினேன், இங்கே மற்றவர்களுக்காக மறுபடி எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் நேராகக் கேள்: “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதும் பாரம் இறங்கி அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் ‘ஆமாம்’ என்றால் வாதாடாதே, அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று மிரட்டாதே. கேட்டுக்கொண்டே கூட இரு. இன்றிரவு அவள் தனியாக இருக்கக் கூடாது. அறையில் இருக்கும் மாத்திரைகளையும், அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய எதையும் எடுத்து விடுதிக் காப்பாளரிடம் கொடுத்துவிடு. அவள் வீட்டில் அவள் நம்பும் ஒருவருக்குச் சொல். அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடு: “நீ என்மேல் கோபப்படுவாய், பரவாயில்லை, நான் சொல்லத்தான் போகிறேன்.”

தொலைபேசியில் 14416, ‘டெலி மானஸ்’ என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. நீயே கூப்பிட்டு ‘தோழிக்காகப் பேசுகிறேன்’ என்று ஆலோசனை கேட்கலாம். ஏதாவது செய்துவிட்டாள் என்றால் யோசிக்காமல் 108. போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் நேரத்தைக் கடத்தும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 115ஆம் பிரிவைப் பாருங்கள்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

மாமனார் இறந்து ஏழு மாதமாகிறது. மாமியாருக்கு (67) முழங்கால் வலி, வயிற்றெரிச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று தினம் ஒரு புகார். எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்கிறார்கள். நடிக்கிறாரோ என்று சில நேரம் தோன்றுகிறது. (சேலம்)

நடிக்கவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் ‘என் மனம் சரியில்லை’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் யார் கேட்டார்கள்? முழங்கால் வலிக்கிறது என்றால்தான் ஒருவராவது தைலத்தோடு பக்கத்தில் வந்து உட்காருவார். வலி உண்மையானது, மனச்சோர்வு அதைக் கூட்டியும் காட்டும். தைராய்டும் பி12 சத்தும் பார்த்தாயிற்றா? இரண்டின் குறைபாடும் சோர்வைக் கொண்டுவரும். அவை சரியாக இருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை தொடங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வயதில் சில மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். நடையில் தள்ளாட்டமோ பேச்சில் குழப்பமோ தெரிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் மாமனார் பெயரை எடுக்கவே எல்லோரும் தயங்குகிறீர்களா? எடுங்கள். அவர் காபி எப்படிக் குடிப்பார் என்று கேளுங்கள்.

குலதெய்வக் கோவிலுக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மாத்திரைப் பட்டையும் பையில் இருக்கட்டும். ஆனால் கட்டிவைப்பது, அடிப்பது, சங்கிலி போடுவது, இவை நடக்கும் எந்த இடத்துக்கும் போகாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தர்காவை ஒட்டிய ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு இருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று சட்டமும் சங்கிலியைத் தடை செய்கிறது.

நண்பன் போனை எடுப்பதில்லை, செய்திக்குப் பதிலும் இல்லை. தொந்தரவு செய்கிறேனோ என்று விட்டுவிட்டேன். (மதுரை)

விடாதீர்கள். பதில் தேவைப்படாத செய்தியாக அனுப்புங்கள். ‘எப்படி இருக்கிறாய்?’ என்பது அவருக்குப் பரீட்சைக் கேள்வி. ‘வழக்கமான கடையில் டீ குடிக்கிறேன், உன் நினைவு வந்தது, பதில் போட வேண்டாம்’, இது போதும். வாரம் இரண்டு முறை. ஒருநாள் வீட்டுக்கே போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்’ என்று கிளம்பிவிடாமல், ‘செவ்வாய்க்கிழமை உன்னை வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். நோயாளிக்குப் பிடித்த நண்பர் பெரும்பாலும் அதிகம் பேசாதவராகத்தான் இருக்கிறார்.

நான்கு மாதமாக நன்றாக இருக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா? (சென்னை, 31 வயது)

முதல் முறை வந்தது என்றால், நன்றான பிறகும் 6 முதல் 9 மாதம் வரை தொடர்வது வழக்கம். முன்பே வந்துபோயிருந்தால் இரண்டு ஆண்டுகள்கூடச் சொல்வார்கள். நன்றாக இருக்கும் இந்த நாட்களில் ஒரு காரியம் செய்யுங்கள்: நோய் வரும் முன் உங்களுக்கு என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். ஒருவர் எழுதியது நினைவிருக்கிறது: ‘செடிக்குத் தண்ணீர் விட மறப்பேன், விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பேன், அக்கா போனை எடுக்க மாட்டேன்.’ மறுபடி வந்தால் நமக்குத் தெரிவதற்கு முன் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

கணவரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கத்திவிட்டேன். ‘எனக்கும் படுத்துக்கொள்ளத் தெரியும்’ என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்கே தூக்கம் இல்லை. (தஞ்சாவூர்)

கத்தாத துணைவியை நான் பார்த்ததில்லை. “அன்றைக்குக் களைப்பில் பேசிவிட்டேன்” என்று ஒருமுறை சொல்லுங்கள், போதும். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. கொழுந்தனாரோ நாத்தனாரோ இருப்பார்கள், ‘நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய்’ என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். பாராட்டு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரை வாங்குவது ஒருவர், மருத்துவமனைக்குக் கூடப் போவது ஒருவர் என்று பெயர் போட்டுப் பிரியுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அடுத்த முறை அவரோடு போகும்போது உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போடுங்கள். இது உபசாரத்துக்குச் சொல்வதில்லை.

குணமாகி வருகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பலர்)

மருத்துவமனையில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறோம். மொத்தம் 27 மதிப்பெண், 5க்குக் கீழே வந்தால் தெளிந்துவிட்டார் என்று கொள்வோம். வீட்டில் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

என் தம்பிக்கு அது ஆறாவது மாதம். அதுவரை தட்டில் எதைப் போட்டாலும் பேசாமல் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் மதியம் இரண்டாவது கவளத்தில் நிறுத்திவிட்டு, “சாம்பாரில் உப்புக் குறைவாக இருக்கிறதே” என்றான். அம்மா உப்பு ஜாடியை எடுக்க உள்ளே போனார். வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார். “கேட்கிறானடி” என்றார்.

நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே உப்புப் போதவில்லை.