அந்தச் சட்டையை ஏன் துவைத்தீர்கள்?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 26 வயது. கணக்கர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, டாக்ஸியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போது மூன்று பேர் அவனை வழிமறித்து அடித்திருக்கிறார்கள். மூக்கெலும்பு முறிந்தது, புருவத்தில் ஏழு தையல். அடிக்கும்போது ஒரு கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவன் ஆண்களை விரும்புகிறவன் என்பது இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியும். போலீஸ் நிலையத்தில் என் கணவர் அவனைப் பேசவிடாமல், கைப்பேசியைப் பறிக்க வந்தவர்கள் அடித்ததாகச் சொல்லி எழுதவைத்தார். அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று அன்றிரவே அவன் சட்டையை ஜிக் என்ற வெளுப்புத் திரவம் ஊற்றித் துவைத்துவிட்டேன். மறுநாள் காலையில் சட்டை எங்கே என்று கேட்டான், எறிந்துவிட்டேன் என்றேன். கறை முழுதும் போகாததால் அலமாரியில் சுருட்டி வைத்திருக்கிறேன். அடித்தவர்களில் ஒருவனின் குரல் கோயிலில் கேட்ட குரல் என்று அன்றிரவே சொன்னான். நாங்கள் மானத்தோடு வாழ்கிற குடும்பம். என் பாட்டனாரின் தகப்பனார் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர். மகனை ஜொகான்னஸ்பர்க்கில் உள்ள என் தம்பியிடம் அனுப்பி, ஆண்டு முடிவதற்குள் ஒரு திருமணத்தைச் செய்துவைத்தால் இந்தப் பேச்சு அடங்குமா?

பெயர் வெளியிட விரும்பாத தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்:

அம்மா, அடங்காது. நீங்கள் கேட்டதற்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. கேட்காமல், போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பறிக்க வந்த திருடர்கள்தான் உங்கள் மகனை அடித்தார்கள் என்றால், அந்தச் சட்டையை அன்றிரவு துவைத்திருப்பீர்களா? இரத்தம் உலராத துணியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் காவல் நிலைய மேசையின் மேல் விரித்துப் போட்டிருப்பீர்கள்; இது என் பிள்ளையின் இரத்தம், செய்தவனைப் பிடியுங்கள் என்று கதறியிருப்பீர்கள்; வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டி அழுதிருப்பீர்கள். அதே பிள்ளை, அதே இரத்தம். அடித்தவர்கள் சொன்ன ஒரு சொல் காதில் விழுந்ததும், ஒரு தாய் நள்ளிரவில் குளியலறையில் உட்கார்ந்து கழுத்துப்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் தேய்த்தது உங்கள் மகனின் அவமானத்தை என்று நினைத்துக்கொண்டீர்கள். அவனுக்கு அதில் என்ன அவமானம்? ஒருவனை மூன்று பேர் சேர்ந்து இருட்டில் அடித்தால் வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த மூன்று பேர். அவர்கள் முகத்தைத் துடைத்துவிடும் வேலையைத்தான் அன்றிரவு நீங்கள் செய்துகொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள், என்னை அன்று தூங்கவிடாமல் செய்தது அதுதான். மறுநாள் காலையில் அவன் சட்டை எங்கே என்று கேட்டான். மூக்கு உடைந்து, ஒரு கண் வீங்கி மூடிக் கிடக்கும் ஒருவன் எதற்காகப் பழைய சட்டையைத் தேடுகிறான்? அவன் அதைப் போட்டுக்கொள்ளவா கேட்டான்? கணக்கு எழுதிப் பிழைக்கும் பிள்ளைக்குச் சான்று என்றால் என்னவென்று தெரியும். முந்தின இரவு அப்பா சொன்ன பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விடியும்வரை விழித்துக் கிடந்து, உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு முடிவுக்கு வந்துதான் அவன் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. எறிந்துவிட்டேன் என்று நீங்கள் சொன்ன பிறகு அவன் வேறெதையாவது கேட்டானா? உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அதற்குப் பிறகு அவன் பேசியதாக ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பத்திக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் வருவது புதிதல்ல. டோங்காட்டிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் லெனேசியாவிலிருந்தும் வந்திருக்கின்றன. மகளை அத்தை மகன் அறைந்தது, தம்பியின் கார்க் கண்ணாடியை உடைத்து அதன்மேல் வசை எழுதியது என்று சம்பவங்கள் வேறு வேறு. எல்லாக் கடிதங்களும் கடைசியில் ஊர் என்ன சொல்லும் என்பதில் வந்து நிற்கும். அடித்தவனை என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மானத்தோடு வாழ்கிற குடும்பம் என்கிறீர்கள். உங்கள் முப்பாட்டனார் கப்பலில் வந்ததையும் சொல்கிறீர்கள். அந்தத் தலைமுறையின் மானம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் இந்த நாட்டில் செல்லாது என்று பொருள்படத் தீர்ப்பளித்தார். தாலி கட்டி, அக்கினியை வலம் வந்து வாழ்ந்த நம் பாட்டிமார் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் என்ற நிலையை இழந்தார்கள்; அவர்கள் பெற்ற பிள்ளைகள் முறைப்படி பிறவாதவர்கள் ஆனார்கள். அவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கினார்களா? தெருவுக்கு வந்தார்கள், அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டிக் கைதானார்கள், மாரிட்ஸ்பர்க் சிறையில் கடின வேலை செய்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்தச் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தாள். உங்கள் வாழ்க்கை முறை இழிவானது என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்னபோது, இழிவு எங்களிடத்தில் இல்லை என்று சொல்லிச் சிறைக்குப் போன பெண்களின் வழியில் வந்தவர் நீங்கள். அந்த மானத்தின் பெயரைச் சொல்லியா, அம்மா, ஜிக் புட்டியைத் திறந்தீர்கள்?

பொய் யாரைக் காப்பாற்றியது என்பதையும் யோசித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் வேண்டுமானால் கைப்பேசிக் கதையை நம்பியிருக்கலாம். அடித்த மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும். அவனுடைய கைப்பேசியை அவர்கள் தொடவே இல்லையே. இந்த வீட்டார் வாயைத் திறக்க மாட்டார்கள், பெற்ற தகப்பனே நமக்காக வேறு கதை கட்டுவார் என்பதை இந்த மூன்று வாரங்களில் அவர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவன் அடுத்த தைப்பூசத்தன்று உங்கள் மகனுக்குப் பக்கத்தில் நின்று காவடி தூக்குவான், உங்கள் கையால் பிரசாதமும் வாங்கிக்கொள்வான். அடுத்த முறை அவன் கையில் கத்தி இருக்காது என்று யார் உங்களுக்கு உறுதி கொடுத்தது?

நான் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2006 பிப்ரவரியில் கேப் டவுனின் காயலிட்ஷாவில் 19 வயதுப் பெண் ஒருத்தியை, அவள் பெண்ணை விரும்புகிறவள் என்பதற்காக, ஓர் இளைஞர் கூட்டம் அவள் வீட்டுக்கு அருகிலேயே அடித்துக் கொன்றது. வழக்கு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான் நால்வருக்குத் தண்டனை கிடைத்தது. 2008 ஏப்ரலில், தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலானே என்ற வீராங்கனை ஜொகான்னஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள க்வாதெமாவில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகிக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 2021-இன் முதல் சில மாதங்களில் இப்படிப்பட்ட கொலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன; அவற்றில் ஒன்று நம் டர்பனின் வடபுறக் குடியிருப்பில் நடந்தது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு இது. 1998-இல் ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. 2006 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் செய்துகொள்ளலாம். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு இருந்தும் தெருவில் அடி விழுகிறது என்றால், அடிக்கிறவன் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, அடிபட்டவனின் வீட்டைப் பார்க்கிறான் என்றுதான் பொருள்.

எழுதக் கை கூசிய அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அது எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும். டர்பனில் பள்ளிக்கூட மைதானத்திலேயே நம் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். மொஃபி. ஆண்களை விரும்பும் ஆணை இழித்துக் கூப்பிடும் வசை. இதோ, நான் எழுதிவிட்டேன், நீங்களும் எழுத வேண்டும். ஏனென்றால் அது இந்த வழக்கின் உயிர்நாடி. வெறுப்பினால் செய்யப்படும் குற்றங்களுக்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் ராமபோசா 2024 மே மாதம் கையெழுத்திட்டார். அதில் பாலீர்ப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே, காயலிட்ஷா வழக்கில், வெறுப்பே கொலைக்குக் காரணம் என்பதை நீதிமன்றம் தீர்ப்பில் எடுத்துச் சொல்லியிருக்கிறது. அடிக்கும்போது என்ன சொன்னார்கள், எத்தனை முறை சொன்னார்கள், யார் குரல் என்பதை அவன் வாக்குமூலத்தில் அப்படியே, நாகரிகப்படுத்தாமல் எழுதினால்தான் இது எந்த வகைக் குற்றம் என்பது தெரியும். நீங்கள் மறைத்த சொல்லும் நீங்கள் மறைத்த சட்டையும் ஒன்றுக்கொன்று சாட்சி.

இனிச் செய்ய வேண்டியது. சட்டையை மறுபடி துவைக்காதீர்கள், உதறவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். காகிதப் பையில் வையுங்கள். ஜிக் பட்ட துணியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைச் சோதனைக்கூடம் சொல்லட்டும். அன்று தையல் போட்ட மருத்துவமனையில் அவனுடைய குறிப்பேடு இருக்கும். காயங்களை மருத்துவர் பதிவுசெய்யும் ஜே-88 படிவத்தைப் பற்றிக் காவலரிடம் கேட்க வேண்டும். முன்பு கொடுத்தது சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம், அதில் உள்ளது பொய்; ஆகவே அதைத் திருத்தப் போகும் முன் அரசின் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அவர் சொல்கிறபடி கூடுதல் வாக்குமூலம் கொடுப்பது நல்லது. தனி அறையில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மேசையில் இருப்பவர் சிரித்தாலோ எழுத மறுத்தாலோ அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, நிலையத் தலைமை அதிகாரியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். தொந்தரவு தொடருமானால், 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் என்று ஒன்றும் உண்டு. அங்கே கட்டணம் கிடையாது. மூன்று வாரங்கள் போய்விட்டனவே என்று கலங்க வேண்டாம். கொடுங்காயத் தாக்குதலுக்கு வழக்குத் தொடுக்கச் சட்டம் 20 ஆண்டுகள் இடம் கொடுக்கிறது.

திருமணப் பேச்சைப் பற்றி இரண்டே வரி. பெண்ணை விரும்ப முடியாது என்று தெரிந்த ஒருவனுக்கு, அது தெரியாத ஒரு வீட்டுப் பெண்ணைக் கட்டிவைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். நீங்களும் ஒரு வீட்டில் பெண்ணாகப் பிறந்தவர்தானே?

நான் குடும்பத்தை இலேசாகப் பேசுகிறவள் அல்ல. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கடமைப்பட்டவர்கள் என்று இந்தப் பத்தியிலேயே எத்தனையோ முறை எழுதி, இளையவர்களின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன். அதே உரிமையில்தான் உங்களிடம் பேசுகிறேன். அடிபட்டு வரும் பிள்ளை முதலில் ஏறுவது பெற்றவள் வீட்டு வாசற்படிதான். உங்கள் மகன் அன்று வேறெங்கும் போகவில்லை, நண்பர்கள் வீட்டைத் தேடவில்லை, இரத்தம் வழிய உங்களிடம்தான் வந்தான். அவனைத்தான் ஜொகான்னஸ்பர்க்குக்கு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். போக வேண்டும் என்று அவனே சொன்னால் போகட்டும். துரத்தப்பட்டதாக நினைத்துக்கொண்டு அவன் போனால், அடித்தவர்கள் தொடங்கிய வேலையை நீங்கள் முடித்துவைத்ததாக ஆகும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவனுக்கு 26 வயது. வழக்கு அவனுடையது, பேசுவதா வேண்டாமா என்பதும் அவன் முடிவு. என் பதிலைப் படித்த வேகத்தில் அவனைக் கையைப் பிடித்து நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவன் வாயை ஒருமுறை அப்பா மூடினார், இப்போது அம்மா வலிந்து திறக்க வேண்டாம். கணவரிடம் இன்றைக்கே பேசுங்கள். பிறகு அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போய் மகனின் கதவைத் தட்டுங்கள். எறியவில்லை, பொய் சொன்னேன், துவைத்ததும் நான்தான் என்று சொல்லிவிட்டு, அவன் பேசும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.