முறை நாளுக்குப் பதில் பணம் கட்டிவிடலாமா?

கேள்வி: திருவான்மியூரில் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்தில் மழலையர் பள்ளி நடத்துகிறோம். சம்பளத்துக்கு ஓர் ஆசிரியை இருக்கிறார். மற்றதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு காலை என் முறை. எனக்குச் சிறுசேரியில் ஐடி வேலை, லீவு போட்டுத்தான் போகிறேன். போனால் என் மூன்று வயது மகள் என் துப்பட்டாவை விடுவதே இல்லை. வேறு பிள்ளையை நான் தூக்கினால் அழுகிறாள். இரண்டு தடவை போக முடியாததற்கு வாட்ஸ்அப் குழுவில் ஜாடை பேசினார்கள். முறைக்கு வர முடியாதவர்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டிவிடலாம் என்று இப்போது ஒரு யோசனை வந்திருக்கிறது. கட்டிவிடலாமா? இல்லை, பேசாமல் சாதாரண ப்ளே ஸ்கூலில் சேர்த்துவிடலாமா?
ஒரு வாசகி, சென்னை-41

பதில்: அன்புத் தோழிக்கு,

பணம் கட்ட வேண்டாம். பள்ளியை மாற்றுவதையும் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை தள்ளிவையுங்கள்.

நீங்கள் கட்ட ஆரம்பித்தால் அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர் கட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் ஆபீஸ் இருக்கிறது. ஆனால் விடுபட்ட காலைகள் யார் தலையில் விழும்? வீட்டில் இருக்கிற, அந்தத் தொகையைக் கட்ட யோசிக்கிற அம்மாக்கள் தலையில். காசு கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால் அப்புறம் அது கூட்டுப் பள்ளியே இல்லை. நாலைந்து பெண்கள் சம்பளமில்லாமல் பார்க்கிற ஆயா வேலைதான் மிஞ்சும்.

அதற்காக நீங்கள் குற்ற உணர்வோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 1916-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் பன்னிரண்டு பேர் சேர்ந்து இப்படியொரு பள்ளியைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டும், தாங்களும் பிள்ளை வளர்ப்பைக் கற்க வேண்டும் என்பதோடு, தங்களுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்க வேண்டும் என்பதும் அவர்கள் நோக்கம். 1941-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ‘ப்ளேசென்டர்’ என்ற பெற்றோர் கூட்டுப் பள்ளி ஆரம்பித்ததும் அப்படித்தான். போருக்குக் கணவன்மார் போய்விட, தனியாகப் பிள்ளை வளர்த்த அம்மாக்களுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அம்மாவின் பாரத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு அம்மாவையே திணறவைக்கிறது என்றால், கோளாறு முறைப் பட்டியலில் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஓர் ஆள் வரவே இல்லை: குழந்தையின் அப்பா. முறை குடும்பத்துக்கா, அம்மாவுக்கா? குடும்பத்துக்கு என்றால் ஒரு காலை நீங்கள், அடுத்த காலை அவர். தாத்தா, பாட்டி யாராவது வந்தாலும் சரி. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள். அப்பாக்கள் வந்து உட்காருவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். அது நியாயமான தயக்கம், அடக்கிவிடாதீர்கள். ஆண், பெண் யாராக இருந்தாலும் அடுத்தவர் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, கழிவறைக்குக் கூட்டிப்போவது ஆசிரியை மட்டும்தான் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி எழுதிவிடுங்கள். உங்கள் பள்ளியில் ஆண்களே வராவிட்டாலும் அந்த விதி தேவை.

இரண்டாவது, காலையில் வந்து நிற்பது மட்டும்தான் வேலையா? வரவு செலவு எழுதுவது, கரண்ட் பில் கட்டுவது, பாரிமுனைக்குப் போய் சார்ட் பேப்பரும் வண்ணமும் மொத்தமாக வாங்கி வருவது, ஞாயிற்றுக்கிழமை பொம்மைகளைக் கழுவிக் காயவைப்பது எல்லாமே நேரம் பிடிக்கிற வேலைதான். இவற்றையும் மணிக்கணக்கில் எண்ணச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு லேப்டாப்பில் கணக்கு முடிக்கிறவரும் முறை செய்தவர்தான்.

ஆனால் காலை முறையை முழுசாக விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு ஒன்றாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வீட்டில் இருப்பது வேறு, பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பது வேறு. வீட்டில் வாயாடுகிறவள் அங்கே ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாள். வீட்டில் எதையும் தராதவள் அங்கே பிஸ்கட்டை உடைத்துப் பாதி கொடுப்பாள். ப்ளே ஸ்கூல் வாசலில் விட்டுவிட்டுத் திரும்புகிற பெற்றோருக்கு இதைப் பார்க்கக் கிடைப்பதில்லை.

மகள் ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மற்ற நாட்களில் அது அவளுடைய இடம். அன்றைக்கு மட்டும் அவளுடைய அம்மா அங்கே வந்து, அவளை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஊட்டிவிடுகிறாள். மூன்று வயதில் யாருக்குத்தான் பொறுக்கும்? முந்தின நாள் ராத்திரி படுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “நாளைக்கு அம்மா உங்க ஸ்கூலுக்கு வர்றேன். எல்லாருக்கும் பழம் நறுக்கணும். நீதான் தட்டு எடுத்துத் தரணும்.” போனதும் வேலையைத் தொடங்காமல் கொஞ்ச நேரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரமாக இறக்கிவிட்டால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். பிறகு சொன்னபடி வாழைப்பழமும் தட்டும். அவள் நீட்டுகிற தட்டில் நீங்கள் துண்டு வைக்க, அவளே கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். அம்மாவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்ற எரிச்சல், அம்மாவோடு சேர்ந்து பரிமாறுகிறோம் என்ற பெருமையாக மாறக் கொஞ்சம் நாளாகும். ஒரே காலையில் நடந்துவிடாது. தினமும் ஒட்டிக்கொண்டு, நீங்கள் இல்லாத நாளிலும் அழுதுகொண்டே இருந்தால் மட்டும் ஆசிரியையிடம் தனியாகப் பேசுங்கள்.

ஒரு வாளிக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் உடனே பாயாதீர்கள், உங்கள் மகள் அதில் ஒருத்தியாக இருந்தாலும். அடி விழாதவரை பாருங்கள். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி வலியுறுத்தியதும் இந்தப் பொறுமையான கவனிப்பைத்தான். பல சண்டைகளைப் பிள்ளைகளே தீர்த்துக்கொள்வார்கள். தீராவிட்டால் ஆசிரியை சொல்வதுதான் முடிவு. அவருக்கு எதிராகப் பெற்றோர் யாரும் பிள்ளைகள் முன்னால் பேசக் கூடாது.

வாட்ஸ்அப் ஜாடைக்கு அங்கேயே பதில் போடாதீர்கள். ஜாடை பேசிய அம்மாவை நேரில் பார்த்து, “அந்த ரெண்டு நாளும் என் முறையை நீங்கதான் சேர்த்துப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அவர் களைத்துப்போய்ப் பேசியிருப்பார். அவருடைய முறை ஒன்றை உங்கள் கணவர் ஒரு காலையில் பார்த்துக்கொடுத்தால் பேச்சு தானாக நின்றுவிடும்.

இவ்வளவு கேட்டும், அம்மாதான் வரணும், இல்லாவிட்டால் காசு கட்டணும் என்றே கூட்டம் நின்றால், விலகிவிடுங்கள். பாதியில் எடுக்காமல் ஆண்டு முடியட்டும், ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு நல்லபடியாக விலகுங்கள். வேறு பள்ளிக்குப் போவதால் உங்கள் மகளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சென்னையில் பல பள்ளிகளில் அட்மிஷன் வெகு முன்பே தொடங்கிவிடும் என்பதால், கூட்டம் நடக்கிற அந்த வாரத்திலேயே நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்.