எஃப்.பி.ஜி.ஏ. பொறியியலாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

வாங்கிய பிறகும் உள்ளிருக்கும் சுற்றை நாமே மாற்றி எழுதக்கூடிய சிப்பே எஃப்.பி.ஜி.ஏ. அத்துறையில் பல ஆண்டுகள் வேலை செய்த திருகோணமலைக்காரன் என்ற முறையில், நம்மூரவர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். எந்தப் பட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும்? (மாணவி, உவர்மலை)

பதில்: நேரான வழி மொறட்டுவையின் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறைதான், தங்கச்சி. ஆயினும் பேராதனையிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலோ மின்னியலும் கணினிப் பொறியியலும் படித்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. பௌதிகவியல் படித்துவிட்டு, ஆய்வுகூடக் கருவிகளுக்குச் சுற்று அமைக்கப் போய் இத்துறைக்குள் வந்தவர்களும் உண்டு.

கேள்வி: கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து, நான்கு வருடங்களாக மென்பொருள் எழுதுகிறேன். சுற்றுகளை விவரித்து எழுதும் வெரிலாக் மொழி, மென்பொருள் எழுதும் சி மொழியைப் போலத்தானே இருக்கிறது?

பதில்: தம்பி, அந்த ஒற்றுமைதான் கண்ணி. மென்பொருளில் எட்டு முறை சுழலும் கட்டளை ஒரே வேலையை எட்டுத் தடவை செய்யும். வெரிலாக்கிலோ அது எட்டுச் சுற்றுகளைப் பக்கம் பக்கமாக விரித்துவிடும். ஒரு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எண்ணிக்கை ஒன்று கூடும்படி எழுதிப் பாருங்கள். கணினியில் போலச்செய்து பார்க்கையில் அது பிழையின்றி ஓடும். எஃப்.பி.ஜி.ஏ. பொருத்திய பலகையில் ஏற்றி ஒரு தடவை அழுத்தினால் எண் ஏழோ பதினொன்றோ தாவி நிற்கும். பொத்தானின் உலோகத் தகடு சில மில்லிசெக்கன் துள்ளுகிறது; அத்துள்ளல்களும் அழுத்தங்களாக எண்ணப்பட்டுவிடுகின்றன. சிப்பை இயக்கும் 50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கு 5 மில்லிசெக்கன் என்பது 2,50,000 துடிப்புகள். இந்தத் துள்ளலை வடிகட்டுவதுடன், வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களின் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சிறு சுற்றுகள்) வழியே உள்ளே எடுக்க வேண்டும் என்பதும் விளங்கிவிட்டால், நீங்கள் பாதி வன்பொருள்காரர் ஆகிவிட்டீர்கள். மென்பொருளிலிருந்து வருபவர்களுக்கு வடிவமைப்பைவிட, அதைச் சோதிக்கும் சரிபார்ப்புப் பிரிவே இலகுவான நுழைவு. சம்பளத்தில் அது தாழ்ந்த வேலை என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: மூதூரில் படகு வானொலிகளைப் பழுது பார்க்கிறேன். பட்டம் இல்லாதவனுக்கு இதில் இடம் உண்டா?

பதில்: வடிவமைப்புப் பதவிக்குப் பட்டம் இல்லாமல் நுழைவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், அண்ணன், புதிய பலகை முதன்முதலாக மின்னேற்றப்படும் நாளில் உங்களைப் போன்றவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ஒரே எஃப்.பி.ஜி.ஏ.க்குச் சுமார் 1 வோல்ட், 1.8, 3.3 எனப் பல மின்னழுத்தங்கள் தேவைப்படுகின்றன. எது வரவில்லை என்பதை அலைகாட்டியை வைத்துக் கண்டுபிடிக்கும் கை, புத்தகத்தால் வருவதில்லை.

கேள்வி: இறுதியில் வேறு சிப் செய்யப் போகிறார்கள் என்றால் எஃப்.பி.ஜி.ஏ. முன்மாதிரி எதற்கு?

பதில்: வார்க்கப்பட்ட சிப்பில் பிழையைத் திருத்த முடியாது; அதனால்தான் வடிவமைப்பை முதலில் எஃப்.பி.ஜி.ஏ.யில் ஏற்றிச் சோதிக்கிறார்கள். சைலிங்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட முதல் எஃப்.பி.ஜி.ஏ.யில் 64 தர்க்கத் தொகுதிகளே இருந்தன. இன்றைய பெரிய சிப்களில்கூட ஒரு முழு வடிவமைப்பு அடங்காதபோது, அதைப் பல சிப்களாகப் பிரித்து, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது.

கேள்வி: பயிலப் பலகை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதல் இரண்டு மாதங்களுக்கு வேண்டியதில்லை. வெரிலாக்கில் எழுதியதைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் இக்காரஸ் வெரிலாக் மென்பொருள் இலவசம். பொத்தான் கணக்கை அதில் எழுதி முடித்த பிறகு சிறிய பலகை ஒன்றை வாங்குங்கள்.