டீச்சரம்மா பதில்கள்: தாலாட்டில் அப்பாவைக் காணோமே!

கேள்வி: மகள் பிரசவத்துக்கு வந்து என்னோடுதான் இருக்கிறாள். பேரனுக்கு எனக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடினால், மருமகன், "ஏன் அத்தை, பாட்டு முழுக்க மாமனே வர்றான், அப்பன் எங்க போனான்?" என்கிறார். என்ன சொல்வது? (வாசகி, தாப்பா)

பதில்: மருமகன் கெட்டிக்காரர்தான். ஆனால் பாட்டை யார், எங்கே இருந்துகொண்டு பாடினார்கள் என்று பாருங்கள். தலைப்பிள்ளையோடு தாய்வீட்டில் இருப்பவள் பாடுகிறாள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், சீர் வேண்டும். "மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே" என்று அவள் இழுக்கும்போது பிள்ளையும் தூங்கும், வாசலில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் காதிலும் விழும். புருஷனிடம் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம், அதற்குப் பாட்டு எதற்கு?

எங்கள் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. தம்பியைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவார். அங்கே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒரே ஆயா. இரண்டு கையால் இரண்டு தொட்டில், காலால் ஒன்று. அவருக்குப் பாட ஏது நேரம்? "ரோரோரோ" என்று ஒரே இழுப்புதான்.

அம்மாவின் பாட்டு மத்தியானம், பாலை ஊற்றிவிட்டு வந்த பிறகு. "யாரடிச்சு நீ அழுத" என்று தொடங்குவார். மற்ற வீட்டில் அது பாட்டு, எங்கள் வீட்டில் விசாரணை! பாடிக்கொண்டே தம்பியின் கையைத் தூக்கிப் பார்ப்பார், காதுக்குப் பின்னால் பார்ப்பார், முதுகைத் திருப்பிப் பார்ப்பார். கொசுக்கடியா, பக்கத்துத் தொட்டில் பிள்ளை கிள்ளியதா என்று தெரியும்வரை அடுத்த அடிக்குப் போகமாட்டார்.

எங்கள் மாமா வேறு தோட்டத்தில் இருந்தார். தீபாவளிக்குச் சைக்கிளில் ஒரு பிஸ்கட் டின்னோடு வருவார், அவ்வளவுதான். அம்மாவின் பாட்டிலோ யானைமேல் வருவார், தங்கத் தொட்டில் கொண்டு வருவார். ஏழு வயதில் நான் கேட்டேன், "மாமாகிட்ட யானை இருக்காம்மா?" அம்மா தொட்டிலை ஆட்டியபடியே, "பாட்டுலதானடி வருது. அதுக்குத் தீனியா போடப்போறோம்?" என்றார்.

மருமகன் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துப் பாடிவிடுங்கள். தாலாட்டில் கைவைக்க யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கேள்வி: கைப்பேசியில் தாலாட்டைப் போட்டுவிட்டால் போதாதா? (வாசகி, ரவாங்)

பதில்: போடுங்கள். பாதியில் விளம்பரம் அலறி, பிள்ளை எழுந்துகொண்டால் என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: நான் தாலாட்டுப் பாடினால் அம்மாவும் அக்காவும் சிரிக்கிறார்கள். ஆம்பளை பாடக்கூடாதா? (வாசகர், சித்தியவான்)

பதில்: சிரிக்கிறவர்களிடம் பெரியாழ்வாரைச் சொல்லுங்கள். யசோதையாகவே மாறி, "மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி" என்று கண்ணனுக்குத் தொட்டில் பாட்டுப் பாடியவர் அவர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். அதன் 10 பருவங்களில் மூன்றாவது தால். தால் என்றால் நாக்கு. நாக்கு அசைந்தால் போதும், குரல் இனிமையெல்லாம் பிறகு. சினிமாவிலும் 2013இல் வந்த 'தங்க மீன்கள்' படத்தில் அப்பா மகள் பாசத்தைச் சொன்ன "ஆனந்த யாழை" பாட்டுக்கு நா. முத்துக்குமார் தேசிய விருது வாங்கினார். நல்ல பாட்டு. ஆனால் தூங்க வைக்க உதவாது. அதைப் போட்டால் என் பேத்தி எழுந்து உட்கார்ந்து கேட்கிறாள்.

எங்கள் வீட்டுக்காரர் பினாங்குக்கு லோரி ஓட்டியவர். அவருக்கு ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் வரும் ஊர்களையே ராகமாக இழுப்பார்: "கோலாகங்சார்... பாடாங் ரெங்காஸ்... தைப்பிங்..." முதலில் நானும் சிரித்தேன். அதற்கப்புறம் வரும் பாகான் செராய் வரைக்கும் அவர் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. தைப்பிங் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிடுவாள்.