மைனஸ் மார்க்குக்கு முதல் ரேங்க்

கேள்வி: வெட்பாலை இலையிலுள்ள ரூட்டின் என்ற சேர்மம், சொரியாசிஸில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தோடு மைனஸ் 9.2 மதிப்பில் பிணைவதாக என் மகள் எம்.எஸ்சி. புராஜெக்டில் கணினியிலேயே நிரூபித்துவிட்டாள். இனி வெட்பாலைத் தைலத்துக்கு அறிவியல் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா?
– வாசகர், தேனி

பதில்: நீட்டில் ஒரு விடை தப்பினால் ஒரு மார்க்கைப் பிடுங்குகிறார்கள். ஒரு மூலக்கூறு புரதத்தின் குழியில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று கணினியில் கணிக்கும் டாக்கிங்கில் (மதிப்பு கிலோகலோரியில்) மைனஸ் ஏற ஏற மாலை, மரியாதை! 9.2 முதல் ரேங்க், 8.7 இரண்டாம் ரேங்க் என்று புள்ளிக்குப் பின்னால் சண்டை போடும் நம் பழக்கம் மட்டும் அங்கேயும் மாறவில்லை. 'ஆட்டோடாக் வினா' (Vina) என்ற டாக்கிங் மென்பொருளை எழுதியவர்களே 2010இல் சொன்ன திட்டப்பிழை 2.85 கிலோகலோரி. 1.4 கிலோகலோரி நகர்ந்தாலே பிணைப்பின் வலு பத்து மடங்கு மாறும். உங்கள் வீட்டு 9.2, நூறு மடங்கு பலவீனமான 6.4 ஆகவும் இருக்கலாம். தவிர, மூலக்கூறில் அணுக்கள் அதிகமிருந்தால் அந்த மென்பொருளில் மதிப்பும் சும்மாவே ஏறும். ரூட்டினின் மூலக்கூறு எடை 610 டால்டன், ஆள் பெரிது.

டிஎன்எஃப்புக்கு எல்லோரும் புரதத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் கட்டமைப்பு, எண் 2ஏஇசட்5. டிஎன்எஃப் மூன்று துண்டுகள் சேர்ந்த புரதம். அந்தக் கட்டமைப்பிலுள்ள சிறு மூலக்கூறு ஒரு துண்டை வெளியே தள்ளிவிட்டு, மிச்ச இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் 'ஏ' சங்கிலி என்ற ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பார்கள். பாதிக் குழி போய்விடும். டிஎன்எஃப்புக்குப் பதில் பிடிஇ4 என்ற நொதியை எடுப்பவர்கள் 'தண்ணீர், மற்றவை நீக்கு' என்று ஒரே அழுத்தில் துடைக்கும்போது, குழியின் அடியில் இருக்கவேண்டிய துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்தே போகும். அப்புறமும் மதிப்பு வரும். கணினிக்கு வெட்கம் கிடையாது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் குவெர்செடின் என்ற தாவரச் சேர்மத்தோடு எனக்குள்ள பழைய பகை தெரியும். எந்த மூலிகையைச் சேர்மங்களின் தரவுத்தளத்தில் போட்டாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். எதிரே குறிவைக்கும் புரதங்களாக அதே டிஎன்எஃப், ஐஎல்-6, ஏகேடி1. மூலிகையின் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். வெங்காயத்தில் அது ஏராளம். அந்தக் கணக்கு சரியென்றால் வெங்காய ஊத்தப்பம் சாப்பிடுகிற எவனுக்கும் அரிப்பே வரக்கூடாது. தோசை மாஸ்டர்கள் பளபளவென்று இருக்கவேண்டும். பரிசோதனைக் குழாயில் எதோடு சேர்த்தாலும் வேலை செய்வதுபோல் நடிக்கும் மூலக்கூறுகளை பெய்ன்ஸ் என்று 2010இலேயே பட்டியலிட்டுவிட்டார்கள். குவெர்செடினிலுள்ள கேட்டகால் என்ற வளைய அமைப்பும் அதில் உண்டு.

சரி, தைலம். 500 டால்டனுக்கு மேற்பட்டது தோலைத் தாண்டாது என்பது 2000இல் வந்த விதி. 1202 டால்டன் சைக்ளோஸ்போரின் விழுங்கினால் சொரியாசிஸ் அடங்கும், பூசினால் அடங்காது. செதில் படர்ந்த தோலில் தடுப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரூட்டின் எண்ணெயில் கரைவதே அரிது. தைலத்தில் இல்லாத சரக்குக்கு முதல் ரேங்க் கொடுத்து என்ன பயன்?

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாகும். இது ஒருகாலத்தில் நீலச்சாயம் எடுத்த மரம். இலையில் இண்டிருபின் என்ற சேர்மம் இருப்பது பதிவானது. எடை வெறும் 262 டால்டன். இண்டிருபின் உள்ள சீனத்து நீலப்பொடியைக் களிம்பாக்கி, ஒரே நோயாளியின் ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் வெறுங்களிம்பும் பூசி தைவானில் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். மருந்து பூசிய பக்கம்தான் தேறியது. இண்டிருபின் பிடிக்கும் ஏஎச்ஆர் என்ற ஏற்பிப் புரதத்தைத் தூண்டும் டபினரோஃப் என்ற சொரியாசிஸ் களிம்புக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதன் மூலம் மூலிகைகூட இல்லை, மண்புழுவினும் சிறிய உருளைப்புழுவோடு வாழும் ஒரு பாக்டீரியா.

மகளிடம் சொல்லுங்கள்: இண்டிருபின் பிணைந்தபடியே ஏஎச்ஆரின் கட்டமைப்பு 2022இல் வந்திருக்கிறது, எண் 7இசட்யுபி. இண்டிருபினை வெளியே எடுத்து மறுபடி டாக் செய்யட்டும். பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) திரும்பி வந்தால் மற்ற சேர்மங்களைப் போடலாம். வராவிட்டால் மென்பொருள் தேடும் பெட்டியின் அளவையும் புரதத்தில் சேர்த்த ஹைட்ரஜன்களையும் சரிபார்க்கட்டும்; ரேங்க் பட்டியல் அதுவரை வேண்டாம்.