கரீபியப் பாறைக்கரையின் கருப்பு வெள்ளை நத்தை: கேள்விகளும் என் பதில்களும்

இன்று ஒரே ஒரு நத்தை. சிட்டாரியம் பைக்கா. கரீபியக் கடலில் அலை வந்து அறையும் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழ்வது, நன்றாக வளர்ந்தால் ஓடு 10 செ.மீ.க்கு மேல் போகும், கருப்பும் வெள்ளையும் கோணல்மாணலாக ஓடும் கனத்த ஓடு. வகைப்பாடு, எங்கெங்கே வாழ்கிறது (நான் போட்ட வாழிட வரைபடமும் சேர்த்து), இந்த இரண்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: வெறும் ஓட்டின் படத்தை அனுப்பி "இங்கேயும் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். காரணம் கீழே வரும்.

ஐயா, இதன் பெயருக்குப் பின்னால் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறி போடுகிறார்கள். வேறு சில நத்தைகளுக்கு அடைப்புக்குறி இல்லை. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, அதில் ஒரு செய்தி இருக்கிறது. லின்னேயஸ் 1758-இல் இதற்கு வைத்த பெயர் டர்போ பைக்கா. பைக்கா என்பது லத்தீனில் மாக்பை என்ற கருப்பு வெள்ளைப் பறவையின் பெயர், ஓட்டைப் பார்த்தால் ஏன் என்று உடனே புரியும். அந்தக் காலத்தில் உருண்டையாகச் சுருண்டு வாய் வட்டமாக இருந்த நத்தைகள் பலவற்றை டர்போ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். பிறகு பிலிப்பி 1847-இல் சிட்டாரியம் என்ற பேரினத்தை ஏற்படுத்தினார், இது அங்கே போனது. முதலில் வைத்த பேரினத்தை விட்டு ஓர் இனம் வேறு பேரினத்துக்கு மாறினால், பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போடுவது விதி. பழைய நூல்களில் லிவோனா பைக்கா என்று வந்தால் அதுவும் இதே நத்தைதான். சிட்டாரியம் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம் மட்டும்.

ஒரு புத்தகத்தில் ட்ரோக்கிடே குடும்பம், இன்னொன்றில் டர்பினிடே, இணையத்தில் டெகுலிடே. எதை எழுதுவது? தேர்வுக்கு வேண்டும்.

டெகுலிடே என்று எழுதுங்கள். ஆனால் மற்ற இரண்டும் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், ஏனென்றால் இந்த நத்தையின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியே இதுதான்.

ஓட்டை மட்டும் வைத்துப் பிரித்த காலத்தில் வாயை அடைக்கும் மூடிதான் பெரிய அடையாளம். மூடி சுண்ணாம்பால் ஆன தடித்த கல் மாதிரி இருந்தால் டர்பினிடே, மெல்லிய கொம்புப் பொருளால் வட்டவட்டமாகச் சுற்றியிருந்தால் ட்ரோக்கிடே. நம் நத்தையின் மூடி மெல்லியது, உள்ளே முத்துப்போல் பளபளப்பு, ஆகவே ட்ரோக்கிடே என்று முடித்துவிட்டார்கள், நீண்ட காலம் அப்படியே இருந்தது. அப்புறம் மரபணுவை ஒப்பிடத் தொடங்கினார்கள். சூசன் வில்லியம்ஸ் முன்னின்று நடத்திய ஆய்வு 2008-இல் நம் நத்தையும் சேர்ந்த டெகுலா வகை நத்தைகளை ட்ரோக்கிடேயிலிருந்து பிரித்து டர்பினிடே பக்கம் நகர்த்தியது. 2012-இல் இன்னும் கூடுதல் தரவு வந்தபோது அங்கேயும் சரியாகப் பொருந்தவில்லை, டெகுலிடே தனிக் குடும்பமானது. நான்கே ஆண்டுகளில் இரண்டு முறை வீடு மாறியதைப் பார்த்து "இவர்களுக்கு ஒரு நிலை இல்லை" என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மூடி என்ற ஒற்றை அடையாளத்தின் மேல் அத்தனை பாரத்தையும் ஏற்றி வைத்திருந்தோம், அது தாங்காது என்று தெரிந்ததும் இறக்கி வைத்தார்கள்.

இந்த மாற்றத்தால் நமக்குப் பக்கத்திலேயே ஓர் உறவுக்காரர் கிடைத்தார். அந்தமான் கடலில் வாழும், முன்பு சட்டைப் பொத்தான் செய்யப் பிடித்த ட்ரோக்கஸ் நிலோட்டிகஸ், இப்போது ரோக்கியா நிலோட்டிகா என்று பெயர், அதுவும் இந்த டெகுலிடே குடும்பம்தான்.

கரீபியத் தீவுகளில் இதை வெல்க் என்கிறார்களே. வெல்க் மற்ற உயிர்களைத் தின்னும் நத்தை அல்லவா?

ஊர்ப்பெயரை வைத்து வகைப்பாடு செய்தால் இப்படித்தான் முட்டிக்கொள்ள வேண்டிவரும். வட அட்லாண்டிக்கின் வெல்க், அதாவது புக்சினம், ஊன் தின்பது. நம் நத்தைக்கும் அதற்கும் மிகத் தூரம். இது பாறைமேல் படியும் பாசியை அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்கிறது, அதுவும் பெரும்பாலும் இரவில். வர்ஜின் தீவுகளில் வெல்க் அல்லது வில்க்ஸ், புவெர்ட்டோ ரிக்கோவில் புர்காவோ, மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் புர்கோ, வெனிசுலாவில் கிகுவா, கியூபாவில் சிகுவா. கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள், அதற்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது.

எங்கெங்கே வாழ்கிறது என்று ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

வடக்கே பஹாமாஸ், அங்கிருந்து கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா, புவெர்ட்டோ ரிக்கோ, சிறிய அண்டிலீஸ் தீவுகள் வழியாக டிரினிடாட், டொபாகோ வரை. பெருநிலப் பக்கம் யுகடான் கரை, பெலிஸ், ஹோண்டுராஸ், கோஸ்டா ரிக்கா, பனாமா, கொலம்பியா, வெனிசுலா. பிரேசிலில் கிடையாது. வரைபடத்தில் இதை ஒரு முழு வளையமாக வண்ணம் தீட்டிவிடுகிறார்கள், உண்மையில் அது விட்டுவிட்டு இருக்கும் புள்ளிகள். அலை அடிக்கும் கெட்டிப்பாறை வேண்டும். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் இடத்திலும், சதுப்பிலும், மணற்கரையிலும் இது நிற்காது. கயானாவிலிருந்து அமேசான் முகம் வரை கரை முழுக்கச் சேறு, அதைத் தாண்டிப் போக இதனிடம் வழி இல்லை.

வழி இல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால் இதன் குஞ்சுப் பருவம் மிகக் குறுகியது. ஆணும் பெண்ணும் நீரிலேயே விந்தையும் முட்டையையும் விடுகின்றன, பிறக்கும் இளவுயிரி வயிற்றில் கட்டுச்சோறு மாதிரி கருவுணவை வைத்துக்கொண்டு மிதக்கிறது, நான்கைந்து நாளில் பாறையைத் தேடி இறங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் மிதந்து கடல் கடக்கும் நத்தைகள் உண்டு, இது அந்த ரகம் இல்லை. ஒரு தீவில் பிடித்துத் தீர்த்துவிட்டால் அடுத்த தீவிலிருந்து வந்து நிரம்பும் என்று காத்திருக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

கரீபியத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பல இடங்களில் அரை மீட்டருக்கும் குறைவு, அதனால் ஓதமிடைப் பட்டை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் கரைப்பகுதி, ஒடுக்கமானது. குட்டிகள் மேல் விளிம்பில், பெரியவை கீழே, சில நேரம் சில மீட்டர் ஆழத்திலும் இருக்கும். கணக்கெடுக்கப் போகிறவர்கள் மேலே மட்டும் பார்த்துவிட்டு "சிறியவைதான் இருக்கின்றன" என்று எழுத வேண்டாம்.

வர்ஜின் தீவுகளின் செயின்ட் ஜான் தீவில் கடலிலிருந்து தள்ளி மலைச்சரிவில் இந்த ஓட்டைப் பார்த்தேன். முன்பு கடல் அதுவரை இருந்ததா?

இல்லை. துறவி நண்டு. கோயனோபிட்டா க்ளைப்பியேட்டஸ் என்ற தரைவாழ் துறவி நண்டு, பெரிதாக வளர்ந்தபின் அதற்குப் பொருந்தும் ஓடுகளில் முதல் தேர்வு இதுதான். காலி ஓட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள், மலை மேல் எல்லாம் போகும், அங்கே செத்தால் ஓடு அங்கேயே கிடக்கும். இதோடு பழைய குடிகள் தின்று போட்ட ஓட்டுக் குவியல்கள், சுற்றுலாப் பயணிகள் வாங்கித் தொலைத்தவை, புயல் எறிந்தவை எல்லாம் சேரும். நானே ஒருமுறை ஒரு குன்றின் அடியில் கிடைத்த புத்தம்புது ஓட்டை வைத்துப் பக்கத்துக் குடாவைக் குறிப்பேட்டில் சேர்த்துவிட்டேன். பிறகு அந்தக் குடாவுக்குப் போனால் முழுக்க மணல். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: உயிருள்ள நத்தையைப் பாறையில் பார்த்தால்தான் அது பதிவு.

ஃப்ளோரிடாவில் உண்டா? என்னிடம் அங்கே பொறுக்கிய ஓடு இருக்கிறது.

ஓடு பதிவு ஆகாது. ஃப்ளோரிடாவில் உயிருள்ளவை மிக அரிது, நிலையான கூட்டம் இல்லை.

பெர்முடாவை உங்கள் வரைபடத்தில் இயல்பு வாழிடமாகக் காட்டியிருக்கிறீர்கள். 1982-இல் படகில் கொண்டுபோய் விட்டது எப்படி இயல்பு? அறிமுகப்படுத்திய இனம் என்றுதானே போட வேண்டும்?

நல்ல சண்டை, வாருங்கள். 1982-இல் பஹாமாஸிலிருந்து எண்பது சொச்சம் நத்தைகளை எடுத்துவந்து பெர்முடாவின் நான்சச் தீவில் விட்டது உண்மை. டேவிட் விங்கேட், கஹோ என்ற கடற்பறவையை அழிவிலிருந்து மீட்டவர், அவர்தான் செய்தார். ஆனால் அதற்கு முன்பே அங்கே இந்த நத்தை இருந்தது. பெர்முடாவின் சுண்ணாம்புப் பாறையில் பிளைஸ்டோசீன் என்ற பனியூழிக் கால ஓடுகள் புதைந்து கிடக்கின்றன. மனிதர்கள் குடியேறியது 17-ஆம் நூற்றாண்டில், அதற்கு முன் அங்கே பூர்வகுடிகளும் இல்லை. குடியேறியவர்கள் பிடித்துத் தின்று தீர்த்தார்கள் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். இருந்த வீட்டுக்குத் திரும்ப வந்ததை அறிமுகம் என்று நான் எழுத மாட்டேன். மீள்குடியேற்றம் என்று குறிப்பு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அதே நண்பர்: இளவுயிரி நான்கைந்து நாள்தான் மிதக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். பஹாமாஸிலிருந்து பெர்முடா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிறகு எப்படித் தானாகப் போயிருக்கும்? அதுவும் அங்கே கிடக்கும் ஓட்டைத் துறவி நண்டு தூக்கி வந்ததாக இருக்கலாமே. உங்கள் விதியை உங்களுக்கே பொருத்துங்கள்.

கூர்மையான கேள்வி, அதற்கு நன்றி. முதலில் நண்டு. நண்டு ஒரு தீவுக்குள் ஓட்டைச் சுமக்கும், ஆயிரம் கிலோமீட்டர் கடலைச் சுமந்துகொண்டு தாண்டாது. ஆக அந்தத் தீவின் பாறையில் புதைந்து கிடக்கும் அத்தனை ஓடும் அந்தக் கரையில் வாழ்ந்த நத்தையின் ஓடுதான். நான் எச்சரித்தது எந்தக் குடா, எந்தப் பாறை, இன்றைக்கா அன்றைக்கா என்ற அளவில். ஒரு முழுத் தீவு, அதுவும் மனிதர் வருவதற்கு முன், என்றால் ஓடு போதும்.

அடுத்து தூரம். வழக்கமாக நடக்காதது ஒருமுறைகூட நடக்காது என்று ஆகாது. பிளைஸ்டோசீன் என்பது இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல். வளைகுடா நீரோட்டம் அந்தப் பக்கம் வெந்நீரைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கிறது, பெர்முடா 32 பாகை வடக்கில் இருந்தும் பவளம் வளர்வது அதனால்தான். அத்தனை காலத்தில் ஓரிரு முறை வாய்த்தால் போதும். நான்கைந்து நாள் என்ற கணக்கு, ஒருமுறை அழிந்தால் தானாகத் திரும்பாது என்பதைக் காட்டுகிறது. அப்படியேதான் ஆனது, படகு வரும்வரை திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். நத்தை அழிந்த பிறகும் பெர்முடாவில் துறவி நண்டுகள் இருந்தன. பெரிய நண்டுக்கு ஏற்ற புது ஓடு அங்கே இல்லை. அதனால் பாறையிலிருந்து உதிரும் புதைபடிவ ஓடுகளைத் தேடிப் போட்டுக்கொண்டு அலைந்தன, பல்லாயிரம் ஆண்டு பழைய வீடு, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் வீடு. நத்தை திரும்பி வந்து பெருகிய பிறகு அந்த நண்டுகள் மறுபடியும் புதிய ஓடுகளில் நடக்கின்றன.

மூன்றாமவர்: இருவருக்கும் பொதுவாக, வரைபடத்தில் பெர்முடாமேல் கோடு போட்டுக் காட்டிவிடலாமே?

சரி, ஒத்துக்கொள்கிறேன். வண்ணம் அதே வண்ணம், மேலே சாய்கோடுகள். அடுத்த வரைபடத்தில் மாற்றுகிறேன்.

இந்த ஓடு சிட்டாரியமா பாருங்கள். ராமேஸ்வரம் கடையில் வாங்கியது.

படத்தில் இருப்பது டர்போ. வாயருகே தொப்புள்போல் ஆழமான குழி இல்லை, சிட்டாரியத்தில் கட்டாயம் இருக்கும்.

இது சிட்டாரியமா? கன்னியாகுமரிக் கடை.

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். குழியைப் பாருங்கள்.

ஒரு ஓடு அனுப்பியிருக்கிறேன், எந்தக் கடலில் கிடைத்தது என்று சொல்ல முடியுமா?

முடியாது. கடையில் வாங்கிய ஓடு எந்தக் கடலிலிருந்தும் வந்திருக்கலாம். இதற்குமேல் ஓட்டுப் படங்களுக்குப் பதில் எழுத மாட்டேன், வருத்தப்பட வேண்டாம்.

சிகுவாட்டெரா என்ற மீன் நஞ்சுக்கும் இந்த நத்தைக்கும் தொடர்பு உண்டாமே?

பெயரில் உண்டு. கியூபாவில் இதன் பெயர் சிகுவா என்றேனே, அதைத் தின்றவர்களுக்கு வந்த நோயை 1787-இல் அன்டோனியோ பார்ரா அந்தப் பெயரால் எழுதினார், சிகுவாட்டெரா என்ற சொல் அப்படி வந்தது. இன்று அந்தச் சொல் முக்கியமாகப் பவளத்திட்டு மீன்களைத் தின்பதால் வரும் நச்சைக் குறிக்கிறது. அதன் மூலம் கேம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி. பாசியை மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, நஞ்சு ஏறிக்கொண்டே போகிறது.

எப்படிச் சமைப்பார்கள்?

சமையல் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடிக்கத் தடை என்பதையும் 62 மி.மீ.க்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது என்பதையும் மட்டும் நான் சொல்வேன். 32 மி.மீ. வாக்கில் பருவத்துக்கு வந்துவிடும், எடுப்பதற்கு முன் அது சில முறையாவது முட்டையிடட்டும்.

குட்டிகளை டெகுலா எக்ஸ்கவாட்டாவோடு குழப்பிக்கொள்கிறேன். இரண்டும் ஒரே பாறையில், இரண்டுக்கும் குழி இருக்கிறது.

கரைக்குப் போய்ப் பார்த்தவர் கேட்கும் கேள்வி இது. டெகுலா கூம்பாக, அடி தட்டையாக இருக்கும், நிறம் சாம்பல் நீலம், குழியைச் சுற்றிப் பச்சை மினுங்கும். சிட்டாரியக் குட்டி உருண்டை, கருப்பு வெள்ளைப் பட்டைகள் சின்ன வயதிலேயே தெரியும். ஓட்டில் பாசி மூடியிருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

பெரிய நத்தையைத் திருப்பினால் அடியில் குட்டிக் கூம்புத் தொப்பி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் குஞ்சா?

குஞ்சு இல்லை, லோட்டியா லூக்கோப்ளூரா என்ற சிறிய தொப்பி நத்தை. சிட்டாரியத்தின் ஓட்டையே பாறையாக எண்ணி அடியில் வாழ்வது. இனிமேல் கணக்கெடுக்கும்போது அதையும் எண்ணுங்கள், பெயருக்கு எதிரே தனிப் பத்தி போட்டு. எண்ணி முடித்ததும் பெரியதை எடுத்த இடத்திலேயே, பாதம் பாறையில் படும்படி வைத்து, அது இறுகப் பிடிக்கும்வரை கையால் தாங்கிக்கொண்டு நில்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அலை அதை அடித்துக்கொண்டு போய்விடும்.