பாங்காக் ஏற்கெனவே பார்த்தாயிற்று. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நாள் அங்கே தங்க வாய்ப்பு வந்தால் என்ன செய்யலாம்?

தாராளமாகத் தங்குங்கள். முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனை, படுத்திருக்கும் புத்தர், சஃபாரி வேர்ல்ட், பிரதுநாம் துணிக்கடை, நடுவில் ஒரு பட்டாயா என்று வேனிலேயே ஊரைச் சுற்றிவிட்டு வருவார்கள். "ஊர் நல்லாதான் இருக்கு, டிராஃபிக்தான் தாங்கலை" என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுகும்வித் சாலையில் மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை டாக்ஸி மீட்டர் ஓடும், டாக்ஸி ஓடாது. இரண்டாம் பயணத்தைச் சாலையில் கால் வைக்காமல் திட்டமிடுங்கள். ரயில், ஆறு, கால்வாய் மூன்றும் சேர்ந்தால் ஊரின் முக்கால்வாசிக்குப் போய்விடலாம்.

முதலில் கணக்கு. இடைவெளி எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். குடிவரவு வரிசைக்கு ஒரு மணி, நகருக்குள் போக ஒரு மணி, திரும்பி வர ஒரு மணி, புறப்பாட்டுக்கு மூன்று மணி முன்பே நிற்க வேண்டும் என்று வைத்தால் ஆறு மணி நேரம் அதிலேயே போய்விடும். டிக்கெட் போடும்போது எந்த விமான நிலையம் என்றும் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் சுவர்ணபூமியில் இறங்கும், ஏர் ஏசியா போன்ற சில மலிவு விமானங்கள் டோன் மியூவாங்கில். இரண்டும் ஊரின் வெவ்வேறு மூலைகள். அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் இடையே இலவசப் பேருந்து உண்டு, ஆனால் அதுவும் சாலையில்தான் போக வேண்டும். தனித்தனி டிக்கெட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் ஐந்து மணி நேரமாவது விட்டு வையுங்கள்.

2025 மே மாதத்திலிருந்து காகித வருகை அட்டை கிடையாது. டிடிஏசி என்ற இணையப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் இடைத்தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து குடிவரவுத் துறைத் தளத்தின் முகவரி "கோ டாட் டிஹெச்" என்று முடியும். இந்திய பாஸ்போர்ட்டுக்கான விசா விலக்கு விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட்டுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறை எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு நீண்ட சோய்க்குள் (அங்கே சந்துக்கு அதுதான் பெயர்) அறை போட்டால், தினமும் இரண்டு முறை டாக்ஸியில் அந்த மிச்சம் கரையும். சுவர்ணபூமியில் இறங்கினால் பயா தாய் ஸ்டேஷனை ஒட்டித் தங்குவதே என் தேர்வு. விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்து கிளம்பும் ரயில் லிங்க் 45 பாட் (அங்கத்திய நாணயம்) கட்டணத்தில் அரை மணியில் அங்கே கொண்டுவிடும். அதே இடத்தில் பிடிஎஸ் மேல்ரயிலும் கிடைக்கும். நள்ளிரவுக்கு மேல் இறங்கினால் மட்டும் டாக்ஸி. தரைத்தளத்தில் இயந்திரம் தரும் சீட்டில் வண்டி நிற்கும் தட எண் இருக்கும். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், மேம்பாலச் சுங்கமும் உங்கள் தலையில்தான்.

பிடிஎஸ் மேல்ரயில், எம்ஆர்டி மெட்ரோ ரயில் இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், டிக்கெட்டும் வேறு. எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு காண்டாக்ட்லெஸ் அட்டையை நேரடியாகத் தட்டிப் போகலாம். ஊரிலிருந்து கிளம்புமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் காண்டாக்ட்லெஸ்ஸையும் திறந்து வையுங்கள். இல்லையென்றால் கேட் திறக்காது, பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

2019-க்கு முன் போனவர்களுக்கு ஒரு பெரிய மாற்றம் காத்திருக்கிறது. எம்ஆர்டி நீலப் பாதை ஆற்றுக்கு அடியில் நீண்டு, பழைய நகருக்குள்ளேயே ஸ்டேஷன்கள் வந்துவிட்டன. சைனாடவுனுக்கு வாட் மங்கோன், ராட்சத ஊஞ்சல் பக்கம் சாம் யோட், படுத்திருக்கும் புத்தர் கோயிலான வாட் போவுக்கு சனம் சாய். முதல் நாள் அதிகாலையில் சனம் சாயில் இறங்குங்கள். பக்கத்திலேயே பாக் கிளாங் தலாட் பூச்சந்தை. மூட்டை மூட்டையாகச் சாமந்தி, ஐஸில் புதைத்த மல்லிகை, தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்நோக்கி மடிக்கும் கைகள். வெயில் ஏறினால் இந்தச் சுறுசுறுப்பு இருக்காது.

அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி சாம் யோட். பத்து நிமிடம் நடந்தால் அந்த ராட்சத ஊஞ்சலின் சிவப்புக் கம்பம், அருகில் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில். மார்கழி, தையை ஒட்டி இங்கே நடக்கும் அரசவைச் சடங்கில் நம் திருவெம்பாவை வரிகள் ஒலி உருமாறி இன்றும் ஓதப்படுகின்றன. சிலோம் பகுதியின் மாரியம்மன் கோயிலுக்கு எல்லாரும் போகிறார்கள், இதைத் தமிழர்கள் தவறவிடுவது வருத்தம்தான்.

பிறகு ஆறு. சாவ் பிரயாவில் ஆரஞ்சுக் கொடிப் படகுக்கு எவ்வளவு தூரமானாலும் 16 பாட். சாத்தோன் துறையில் சுற்றுலாப் படகின் கவுன்ட்டரைத்தான் முதலில் காட்டுவார்கள், அது பல மடங்கு விலை. கொடியின் நிறத்தைப் பார்த்து ஏறுங்கள். படகு விசில் சத்தத்தோடு பின்புறத்தைத் துறையில் ஒட்டும், சில விநாடிதான் நிற்கும். முதலில் இறங்குபவர்களுக்கு வழி விட்டு, பிறகு தயங்காமல் ஏறி உள்ளே நகருங்கள். பின்பக்கம் துறவிகளுக்கான இடம், அங்கே நிற்காதீர்கள். நீள உலோகக் குழாயில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு நடத்துநர் வருவார். ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் முறைப்பார். கடைசித் துறையான நொந்தபுரி வரை போய், சந்தையைப் பார்த்துத் திரும்புவது அருமையான மதியம். மாலை ஆறு மணியை ஒட்டிச் சேவை ஓய்ந்துவிடும், திரும்பும் நேரத்தைத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேன் சேப் கால்வாய்ப் படகு வேறு ரகம். நெரிசல் நேரத்தில் பிரதுநாமிலிருந்து அசோக் பகுதிக்குப் போக அதைவிட வேகமான வழி கிடையாது. தண்ணீர் சாக்கடை நாற்றம் அடிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் எதிர்ப் படகு வரும்போது பக்கத்துத் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பிடிப்பது உங்கள் வேலை. குழந்தைகள், முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாளுக்கு பாங் கிராச்சாவ். நகர மையத்தை ஒட்டி ஆறு வளைந்து ஓடும் இடத்தில் தென்னையும் நீர்ப்பனையுமாக ஒரு பசுமைத் திட்டு. கிளாங் டோய் துறையிலிருந்து சிறு படகில் அக்கரை போய் வாடகை சைக்கிள் எடுக்கலாம். சதுப்பின் மேல் போட்ட காங்கிரீட் பாதைகள் குறுகல், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. எதிரே ஆள் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். பிரேக்கைச் சோதிக்காமல் சைக்கிளை வாங்க வேண்டாம். மிதக்கும் சந்தை வேண்டுமென்றால் சனி, ஞாயிறு. மழை நாளென்றால் இதை விட்டுவிட்டு, 2022-இல் திறந்த பென்ஜகிட்டி வனப் பூங்கா போதும்.

சைவர்களுக்கு: "வெஜிடேரியன்" என்று சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸை ஊற்றிவிடுவார்கள். "கின் ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பாக, 17 என்ற எண் மாதிரித் தெரியும் தாய் எழுத்துதான் அதன் அடையாளம். அந்தக் கடையில் முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. வெறும் கீரை வதக்கலில் சிப்பி சாஸும், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறாலும் வழக்கமாகவே சேரும்.

பணத்துக்கு டாலர் கொண்டுபோங்கள், 100 டாலர் தாளுக்கு நல்ல விலை. வருகைக் கூடத்தில் மாற்றாமல் ரயில் லிங்க் தளத்துச் சிறு கடைகளில் மாற்றுங்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். "ரூபாயில் மாற்றித் தரவா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

கடைசி நாள் இரவு விமானமென்றால், அறையைக் காலி செய்து பையை ஓட்டலிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம். மாலை நெரிசலிலும் ரயில் லிங்க் அரை மணியில் சேர்த்துவிடும், பயா தாயில் இரண்டு ரயிலை விட்டுப் பிடிக்க வேண்டி வந்தாலும்.